சிறு நட்டமும் பெரு நட்டமே
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

அறிவியல் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே, நம் தலைக்கு மேலே பறக்கும் ஜெட் விமானத்தின் எஞ்சினுக்குள் இருக்கும் ஒரு கருவியைப் பற்றிச் சொல்கிறேன். அதன் பெயர் அச்சுவழிக் காற்றழுத்தி. பேரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். மின்விசிறிகள் பலவற்றை ஒரே தண்டில் வரிசையாகக் கோத்து, ஒரு குழாய்க்குள் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். சுழலும் இலைகள் காற்றைப் பின்னால் தள்ளும். அடுத்து நிற்கும் அசையாத இலைகள், சுழன்று வரும் காற்றை நேராக்கும். இப்படி வரிசைக்கு வரிசை அழுத்தம் ஏறும். அழுத்திய காற்றில் எண்ணெயை எரித்தால், சூடான புகை சீறிப் பாய்ந்து டர்பைன் என்னும் சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரமேதான் காற்றழுத்தியையும் சுழற்ற வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

1939-இல் சுவிட்சர்லாந்தில், நூஷாத்தெல் நகரத்துக்கு மின்சாரம் கொடுக்க பிரவுன் பொவேரி நிறுவனம் இப்படி ஓர் இயந்திரம் செய்தது. டர்பைன் ஈட்டியது 15,400 கிலோவாட். காற்றழுத்தி தின்றது 11,400. ஊருக்குக் கிடைத்தது 4,000 மட்டுமே. நம்ம வீட்டுக் கணக்காகச் சொன்னால், 15 வெள்ளி 40 சென் சம்பளம். 11 வெள்ளி 40 சென் கடைக் கணக்குக்கே போச்சு. மிச்சம் 4 வெள்ளி!

அந்தக் காற்றழுத்தி 100-க்கு 86 மார்க்குக்கு மேல் வாங்கிய கருவி. அதே இடத்தில் 60 மார்க் வாங்கும் கருவியை வைத்தால் என்ன ஆகும்? அதே வேலைக்கு 16,400 கிலோவாட்டுக்கு மேல் கேட்கும். ஈட்டுவதோ 15,400. வரவை விடச் செலவு அதிகம். ஊருக்கு விளக்கு எரிவது இருக்கட்டும், இயந்திரம் தன்னைத் தானே சுழற்றவும் முடியாது!

சரி, சக்தி எங்கே நழுவுகிறது? மூன்று இடங்களைச் சொல்கிறேன். முதலாவது, உராய்வு. இலையை ஒட்டி ஓடும் காற்று வேகம் இழக்கும். இலையில் அழுக்குப் படிந்தால் நட்டம் கூடும். அதனால்தான் மின் நிலையங்களில் காற்றழுத்தியைக் கழுவிச் சுத்தம் செய்கிறார்கள். இரண்டாவது, இடுக்கு. இலையின் நுனி குழாயில் உரசாமல் இருக்கச் சிறு இடைவெளி விட்டே ஆக வேண்டும். அழுத்திய காற்று அந்த வழியாகப் பின்னால் கசியும். மூன்றாவது, பிடி விடுதல். அழுத்தம் குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்குப் போவது, வண்டியை மேட்டில் தள்ளுவது போல. இலையின் வளைவோ சாய்வோ அளவுக்கு மிஞ்சினால், காற்று இலையை விட்டு விலகிச் சுழித்து வீணாகிவிடும்.

இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ் என்ற பெரிய பொறியாளர், டர்பைனைத் திருப்பி ஓட்டினால் காற்றழுத்தி ஆகிவிடும் என்று எண்ணி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்து பார்த்தார். 60 மார்க் அளவில்தான் கிடைத்தது, கைவிட்டார். 1926-இல் ஏ. ஏ. கிரிஃபித் என்பவர் காரணத்தைக் காட்டினார். காற்று இலையின் பிடியை விட்டுவிடுகிறது. இலையை விமானச் சிறகு போல வடிவமைக்க வேண்டும் என்றார். யோசனையில் குற்றமில்லை, இலையின் வடிவத்தில்தான் குற்றம்! இன்று நல்ல காற்றழுத்திகள் 90 மார்க்கை ஒட்டி வேலை செய்கின்றன.

பெற்றோர்களே, பிள்ளை 60 மார்க் வாங்கி வந்தால் "இவனுக்குப் படிப்பு வராது" என்று சொல்லிவிடாதீர்கள். எந்த இடத்தில் நழுவியது என்று ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள். மாணவர்களே, நூஷாத்தெல் இயந்திரத்தைச் சோதித்து அளந்தவர் பேராசிரியர் ஸ்டொடோலா. அப்போது அவருக்கு வயது 80! அந்த வயதிலும் ஒவ்வொரு நட்டத்தையும் கணக்குப் பார்த்தார். நீங்களும் உங்கள் பாடத்தில் அப்படிக் கணக்குப் பாருங்கள். இன்று பரிசு வாங்குகிறவர்களுக்கு என் பாராட்டு. அடுத்த ஆண்டு வாங்கப் போகிறவர்களுக்கு என் வாழ்த்து.