கதை கேட்ட தந்தை



நகைச்சுவைக்கு ஆயுள் குறைவு. ஓராண்டு ஊரையே சிரிக்க வைத்த வேடிக்கை, பத்தாண்டு கழிந்தபின் பொருள்கூறி விளக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறது. விளக்கம் கேட்டுச் சிரித்தவர் எவரேனும் உண்டோ? இவ்வாறிருக்க, 1964ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு தமிழ்த் திரைப்படத்தின் பேச்சுக்களை, அறுபதாண்டு கடந்த பின்னும், அப்போது பிறந்தே இராதவர்கள் எடுத்தாளுகின்றனர். கையில் காசின்றிப் பெருந்திட்டம் தீட்டும் பிள்ளையைப் பார்த்து, "ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் தொடங்கிவிட்டாயா?" என்று கேட்கும் வீடுகள் இன்றும் உள்ளன. நான் குறிப்பது ‘காதலிக்க நேரமில்லை’ என்பதை நேயர்கள் இதற்குள் உணர்ந்திருப்பீர்கள்.

இப்படத்தை இயக்கியவர் ஸ்ரீதர். அதற்கு முன், 1959இல் ‘கல்யாண பரிசு’, 1962இல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று மக்களைக் கண்ணீர் சிந்த வைத்தவர் அவர். செங்கற்பட்டில் இளமை முதல் தம்முடன் பழகிய நண்பர் கோபுவுடன் சேர்ந்து, முழுதும் சிரிப்பே ஆன படம் ஒன்றை அவர் வண்ணத்தில் எடுத்தார். வின்சென்டின் ஒளிப்பதிவும், விசுவநாதன் - ராமமூர்த்தி இருவரின் இசையும், ஆழியாறு அணைப்பக்கத்து இயற்கைக் காட்சிகளும் படத்திற்குப் பெருந்துணை. அவற்றைப் பற்றி முன்பே பலர் பேசியிருக்கின்றனர். நான் நிற்க விரும்பும் இடம் வேறு.

கதை எளியது. தோட்ட முதலாளி விசுவநாதனுக்கு மகள்கள் இருவர், மகன் ஒருவன். மகள்களைச் செல்வர் வீட்டிற்குத் தரவேண்டுமென்பது அவர் ஆசை. வேலையிழந்த ஏழை இளைஞன் ஒருவன் அவர் மகளுள் ஒருத்தியை விரும்புகிறான். அவனுடைய நண்பன் நரைமுடி தரித்து, அவனைப் பெற்ற கோடீசுவரனாக நடிக்க வருகிறான். அந்த நண்பன் விரும்பும் பெண்ணோ முதலாளியின் மற்றொரு மகள். ஆள்மாறாட்டத்தால் விளையும் இத்தகைய குழப்பம் நாடக உலகிற்குப் புதிதன்று. பின்பாதியில் சில இடங்களில் அது நீண்டும் விடுகிறது. பெண்ணின் வீட்டு வாயிலில் கூடாரமடித்து அமர்ந்து பாடுவதை இன்றைய பெண்ணைப் பெற்றோர் இரசிப்பரோ என்பதும் ஐயமே. இப்படம் மூப்படைந்திருப்பது காதலர் பகுதியில்தான். தந்தையும் மகனும் வரும் பகுதி மட்டும் அன்று கண்டதுபோலவே இருக்கிறது.

விசுவநாதனாக டி. எஸ். பாலையாவும், மகன் செல்லப்பாவாக நாகேஷும் நடித்தனர். செல்லப்பாவுக்குப் படமெடுக்க ஆசை. நிறுவனத்திற்குப் பெயர் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, பணம் இல்லை. பணம் தந்தையிடம் இருக்கிறது. அவரோ மகன் வாயைத் திறந்தாலே சீறி விழுகிறார். அப்படிப்பட்டவர் ஒரு சமயம், மகன் எடுக்கப்போகும் படத்தின் கதையைக் கேட்க அமர்கிறார். மகன் சொல்வது திகில் கதை. இருளும், காலடியோசையும், கதவு திறக்கும் ஓசையும் அவன் வாயிலிருந்தே பிறக்கின்றன. கேட்டுக்கொண்டிருக்கும் தந்தையின் முகத்தில் முதலில் அலட்சியம், அடுத்து ஆர்வம், அதன்பின் அச்சம். இதற்குமேல் அதனை விவரிக்க நான் முயலேன். விவரித்தவர்கள் தோற்றதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையை முதலாக வைத்தார். இளமை, பேதைமை, மடன், எள்ளல் ஆகிய நான்கிலிருந்து அது தோன்றும் என்பது அவர் கருத்து. நம் திரைப்படச் சிரிப்பில் எள்ளலே மிகுதி. ஒருவன் உடற்பருமனையோ, திக்குவாயையோ, நிறத்தையோ காட்டிச் சிரிக்க வைப்பது எளிது; அச்சிரிப்பு விரைவில் கசந்தும் போகும். இந்தக் காட்சியிலோ எள்ளல் இல்லை. செல்லப்பா தன் தந்தையைப் பயமுறுத்தத் திட்டமிடவில்லை. தன் கதையை மெய்யாகவே நம்புகிறான். அவனிடம் இருப்பது இளமை. அதனை நம்பி நடுங்கும் பெரியவரிடம் இருப்பது பேதைமை. ஊரையே அதட்டும் முதலாளி, தாம் ஊதாரி என்று தள்ளிய பிள்ளையின் வெறுஞ்சொல்லுக்கு அஞ்சி ஒடுங்குகிறார். அக்கணத்தில் பிள்ளை ஒரு கலைஞன் என்பது மெய்யாகிவிடுகிறது. அதனை மெய்ப்பித்தவர் அவனை மதியாத தந்தையேதான்.

இப்படத்தின் புகழுக்கு வசனமே காரணம் என்று கூறுவார் உளர். வசனம் நன்றே, ஆயினும் அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஸ்ரீதரே இக்கதையை 1966இல் ‘பியார் கியே ஜா’ என்று இந்தியில் எடுத்தார். அங்கே தந்தையாக ஓம் பிரகாஷ், மகனாக மெஹ்மூத். நிறுவனத்தின் பெயர் ‘வாஹ் வாஹ் புரொடக்‌ஷன்ஸ்’. அவ்வேடத்திற்காக மெஹ்மூத் ஃபிலிம்பேர் விருது பெற்றார். வடநாட்டிலும் அக்கதை சொல்லும் காட்சியே தனித்துப் பேசப்படுகிறது. சொற்கள் யாவும் மாறியும் சிரிப்பு மாறவில்லை என்றால், அதன் வேர் சொல்லில் மட்டும் இருத்தல் இயலாது. மகன் பேச, தந்தை கேட்கும் அந்த நிலையில்தான் அது இருக்கிறது. எந்த மொழி பேசும் வீட்டிலும் அது அரிய நிகழ்ச்சியன்றோ?

பள்ளி ஆண்டு விழாக்களில் இக்காட்சியை மாணவர் நடித்துக் காட்டும் வழக்கம் நெடுநாள் இருந்தது. ஒத்திகை தொடங்கும்போதெல்லாம் எனக்கு ஒரே இடர்ப்பாடு. செல்லப்பா வேடத்திற்கு இருபது பேர் கை தூக்குவர். தந்தை வேடத்திற்கு ஒருவனும் வரமாட்டான். "அதில் பேச ஒன்றுமில்லையே, ஐயா" என்பார்கள். கட்டாயப்படுத்தி உட்கார வைத்தாலோ, பையன் பயப்பட மாட்டான், சிரித்துவிடுவான். ஓராண்டு, வகுப்பில் வாய் திறவாத ஒருவனை அந்நாற்காலியில் அமர்த்தினோம். அவன் கதையை உள்ளபடியே கேட்டான். அவனுடைய கண்கள் விரிய விரிய, எதிரே கதை சொன்னவனுக்குக் குரல் ஏறிற்று. முன்னர் ஒத்திகையில் இல்லாத ஓசைகளையெல்லாம் அவன் தானாகவே எழுப்பினான். அவையில் இருந்த பெற்றோர் சிரித்த சிரிப்பில் ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. அவனுடைய தகப்பனார் மறுநாள் வந்து, "என் பிள்ளையா அது?" என்று என்னிடம் கேட்டார். எட்டாண்டு அவனை ஒரே பள்ளியில் படிக்க வைத்தவர் அவர்.

பாலையாவின் தேர்ச்சியை அன்று நான் முன்னிலும் நன்றாக அறிந்துகொண்டேன். 1936இல் ‘சதி லீலாவதி’யில் கொடியவராகத் திரைக்கு வந்து, ஆண்டுகள் பலவாகப் பிறரை அச்சுறுத்திய நடிகர் அவர். அச்சுறுத்தத் தெரிந்தவருக்கே அஞ்சவும் தெரிந்திருந்தது. மற்றொருவர் புகழ்பெறும் காட்சியில் வாளா அமர்ந்து தம் பங்கை அளந்து கொடுப்பது மூத்த நடிகர்க்கு எளிதன்று. அவர் 1972இலும், நாகேஷ் 2009இலும் மறைந்தனர். இன்று நாகேஷின் பெயரைச் சொல்லி இக்காட்சியைப் போற்றுவோர் மிகப் பலர். பாலையாவின் பெயரை இரண்டாவதாகச் சொல்வது, என் எண்ணத்தில், ஓரளவு அநீதியே.

முன்னாளில் ஒரு படத்தைக் கொட்டகையில் ஒருமுறை பார்ப்போம். பின்னர் வானொலியில் ஒலிச்சித்திரமாகக் கேட்போம். முகத்தைக் காணாமல் குரலை மட்டும் கேட்டதால் பேச்சு மனத்தில் படிந்தது. இப்போது இக்காட்சி மட்டும் கைப்பேசியில் துண்டாக வருகிறது. அதற்கு முன் தந்தை எத்தனைமுறை ‘முடியாது’ என்றார் என்பது அத்துண்டில் இல்லை. ஒன்பது வயதான என் பேத்தி அதனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இவ்வளவு பயமாயிருந்தால் அந்தத் தாத்தா ஏன் எழுந்து போகவில்லை?" என்று கேட்டாள். விடை முழுப்படத்தில் இருக்கிறது என்று சொல்லித் தொடக்கத்திலிருந்து போட்டுக் காட்டினேன். இடைவேளைக்கு முன்பே உறங்கிவிட்டாள். நான் கடைசிவரை பார்த்தேன்.