உருசியம் பயில்வார்க்கு



பல்கலைக்கழகத்தில் உருசிய மொழியும் இலக்கியமும் இதழியலும் பயிலப் புகுவார் எதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும் என்பதுபற்றிப் பேசப் பணித்துள்ளீர்கள். ஒரு மொழியைப் பயில்வார், அம்மொழி பட்ட பாட்டையும், அது பிறமொழியைப் படுத்திய பாட்டையும் ஒருங்கே பயிலல் வேண்டும் என்பேன்.

இலக்கணத்திற்கு அஞ்சற்க. அங்கு வேற்றுமை ஆறே, நமக்கோ எட்டு. 'அவன் மாணவன்' என நாம் வினையின்றி முடிப்பதுபோலவே நிகழ்காலத்தில் அவரும் முடிப்பர். ஆங்கிலவழிச் செல்வார்க்கே அது புதுமை. செயல் முற்றியதா, முற்றாததா என்பதற்கேற்ப வினை வேறுபடும். அங்கேதான் உழைப்பு வேண்டும்.

அம்மொழி தன் மண்ணிலேயே வாயிலில் நின்ற காலம் ஒன்றுண்டு. மாசுகோப் பல்கலைக்கழகம் 1755-இல் தோன்றியபொழுது பேராசிரியருட் பெரும்பாலார் செருமானியர். பாடமொழி பெரிதும் இலத்தீன். அது தோன்றக் காரணராயினாருள் ஒருவர் இலோமனோசோவ். வெண்கடற் பகுதி மீனவர் குடியிற் பிறந்த அறிவியலறிஞர். உருசிய இலக்கணம் எழுதி 1757-இல் அச்சிட்டவர். அவர்தம் மாணாக்கர் பொப்போவுசுகி, 1755-ஆம் ஆண்டுச் சொற்பொழிவிலேயே, மெய்யியலை உருசியத்திற் கற்பிக்கலாகும், அம்மொழியாற் சொல்லலாகாத கருத்து எதுவும் இல்லை என வாதிட்டார். 'கலைச்சொல் இல்லையே' என்று கைவிரிப்பார் அங்கும் இருந்திருப்பர்! பன்னீராண்டு கழித்து, 1767-இல், அரசி இரண்டாம் கேத்தரின் ஆணையாற்றான் உருசியம் பாடமொழியாய் நிலைபெறலாயிற்று.

இதழியலும் அப்பல்கலைக்கழகத்தோடு பிணைந்தது. அதன் அச்சகத்திலிருந்து 1756-இல் 'மாசுகோச் செய்திகள்' எனப் பொருள்படும் தாளிகை வெளிவந்தது. 1779-இல் அவ்வச்சகத்தைக் குத்தகைக்கு எடுத்த நொவிக்கோவ் காலத்தில், 600 படிகள் 4,000 ஆயின என்பர். 1792-இல் அவரைச் சிறையிலிட்டவரும் அதே கேத்தரின்தான்.

தால்சுதாயின் 'போரும் அமைதியும்' பிரெஞ்சு உரையாடலோடு தொடங்குகிறது. மேட்டுக்குடியினர் தம் தாய்மொழியை விட்டு அவ்வாறுதான் பேசினர். 1873-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆசிரியரே அப்பகுதிகளை உருசியமாக்கினார். பின்னாளில் பிரெஞ்சு மீண்டும் இடம்பெற்றது. எல்லாவற்றையும் ஒரே மொழியாக்கித் தரும் பெயர்ப்புகளில் இக்குத்தல் மழுங்கிப்போகும்.

இனிப் படுத்திய பாடு. 1863-இல் உள்துறை அமைச்சர் வலூயெவ், உக்கிரேனிய மொழியிற் சமயநூலும் கல்விநூலும் அச்சிடலாகாதெனச் சுற்றறிக்கை விடுத்தார். அப்படி ஒரு தனிமொழியே இல்லை என்பது அவ்வறிக்கையின் துணிபு! 1876-ஆம் ஆண்டின் எம்சு ஆணை, அம்மொழி நூல்களை வெளிநாட்டினின்று கொணர்வதையும், அம்மொழியில் நாடகம் நடிப்பதையும் தடுத்தது. பொப்போவுசுகி தம் மொழிக்குக் கேட்ட உரிமையை, நூறாண்டு கழிந்தபின் அவர் நாட்டார் அண்டை மொழிக்கு மறுத்தனர். உருசிய இலக்கிய வரலாற்றைப் படிக்கையில் இப்பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

இதழியல் மாணவர்க்கு ஒரு பயிற்சி சொல்வேன். 2022 பிப்பிரவரியில் உக்கிரேன்மீது படை சென்றபின், 'போர்' என்றோ 'படையெடுப்பு' என்றோ எழுதலாகாதென உருசிய ஊடகங்களுக்கு அரசின் கண்காணிப்புத் துறை ஆணையிட்டது. தால்சுதாய் தம் நூற்றலைப்பில் முதலில் வைத்த அதே சொல்! அவ்வாண்டுத் தாளிகைகளை விரித்து, அச்சொல் நிற்க வேண்டிய இடங்களில் 'சிறப்புப் படை நடவடிக்கை' என்னும் தொடர் எப்படி வந்து அமர்ந்துள்ளது என வரிவரியாகக் குறித்து வாருங்கள்.