எங்கிருந்து வந்த உப்பு?

புதுச்சேரியின் அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டு போர் தண்ணீர் கரிக்கத் தொடங்கினால், 'கடல் உள்ளே வந்துவிட்டது' என்று சொல்லிவிடுகிறோம். கிழக்கே வீராம்பட்டினத்துக் கடல். வடக்கே அரியாங்குப்பம் ஆறு, தெற்கே சுண்ணாம்பாறு என்று சங்கராபரணியின் இரு கிளைகள். இரண்டின் முகத்துவாரத்திலும் கடல் ஏறி இறங்குகிறது. ஆகவே அந்த ஊகத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் உப்பு எவ்வளவு என்று மட்டும் அளந்துவிட்டு, எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடுவதால்தான் நாம் செய்யும் பரிகாரங்கள் பயனற்றுப் போகின்றன என்பது என் வாதம். கடல் அடியிலிருந்து ஏறினால் இறைப்பைக் குறைக்க வேண்டும். ஆற்றின் உவர்நீர் பக்கவாட்டில் கசிந்தால் ஆற்றோரக் கிணறுகளைக் கவனிக்க வேண்டும். கழிவறைக் குழிகளிலிருந்து வந்தால் பாதாளச் சாக்கடைதான் வழி. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு ஆகாது.

பரிசோதனைச் சாலையில் குடுவை நீரில் சில துளி பொட்டாசியம் குரோமேட் விட்டு, வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறார்கள். மஞ்சள் நிறம் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் கணத்தில் குளோரைடின் அளவு தெரிந்துவிடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு நீரே இல்லாத இடத்தில் 1,000 வரை அனுமதி. கடல்நீரில் இது ஏறத்தாழ 19,000. நூற்றுக்கு இரண்டு பங்கு கடல்நீர் கலந்தாலே கிணறு முதல் எல்லையைத் தாண்டிவிடும். ஆனால் அந்தச் செங்கல் நிறம் உப்பின் பூர்வீகத்தைச் சொல்லாது. அதற்கு விகிதங்கள் வேண்டும். கடல்நீரில் சோடியத்துக்கும் குளோரைடுக்கும் உள்ள மோல் விகிதம் 0.86. நன்னீர் இருந்த மண்ணுக்குள் கடல் புதிதாக நுழையும்போது களிமண் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை விடுகிறது. விகிதம் இறங்கும், நீரின் கடினத்தன்மை ஏறும். கழிவுநீர் என்றால் நைட்ரேட் கூடியிருக்கும். இதில் ஒரு வழுக்கல் உண்டு: ஆக்சிஜன் இல்லாத சேற்று மண்ணில் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டைத் தின்றுவிடும்; அது இல்லை என்பதால் சாக்கடை இல்லை என்று ஆகிவிடாது. அப்போது புரோமைடு கைகொடுக்கும். கடலில் குளோரைடு எடையளவில் புரோமைடைப் போல் சுமார் 290 மடங்கு. மரக்காணம் உப்பளத்தில் உப்பு படிகமாகும்போது புரோமைடின் பெரும்பகுதி மிஞ்சும் கசப்பு நீரிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே நம் அடுப்படி உப்பு கரைந்த கழிவுநீரில் அந்த விகிதம் 290-ஐ வெகுவாகத் தாண்டும்.

இத்தனை நுணுக்கம் எதற்கு, ஆர்.ஓ. வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். குடிக்கும் குடத்துக்குப் போதும், தவறில்லை. ஆனால் அந்த எந்திரம் பிரித்தெடுத்த உப்பைச் செறிவான கழிவாக வெளியே விடுகிறது. அது வாய்க்காலிலோ மண்ணிலோ விழுந்தால் பக்கத்துக் கிணற்றுக்குத்தான் போகும். வலுவான ஆட்சேபம் வேறு: நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால் கீழே நாற்பது மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தெரிந்த கணக்கு, மட்டத்தை அளந்தாலே போதாதா? அந்தக் கணக்கு மேலே மூடாத, ஒரே சீரான மணற்படுகைக்குத்தான் பொருந்தும். புதுச்சேரியில் ஆற்று வண்டலுக்குக் கீழே கடலூர் மணற்கல், அதற்கும் கீழே வானூர் மணற்கல் என்று அடுக்குகள், நடுநடுவே களிமண். குழாயைச் சுற்றி ஒழுங்காக அடைக்காத ஒரு போரே மேலடுக்கின் உவர்நீரைக் கீழடுக்குக்கு இறக்கிவிடும்; அந்த இடத்தில் கடல் ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்காது.

காரணம் அறியாத அவசரம் கெடுதலும் செய்யும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையின் கிழக்குக் கரையில் உப்பு கிணறுகளுக்குள் மேலிருந்து விழுந்தது. சுத்தம் செய்வதாக அளவுக்கு மீறி இறைத்த கிணறுகளில் அடியிலிருந்த உவர்நீரும் ஏறியது. மழை கழுவும்வரை மிதமாக இறைப்பதே அங்கு சரியான வழியாக இருந்தது.

செலவு அதிகம் என்பது பாதி உண்மைதான். சோடியம், கால்சியம், குளோரைடு, நைட்ரேட் நான்கும் அன்றாடச் சோதனைகள். சந்தேகத்துக்குரிய சில கிணறுகளுக்கு மட்டும் புரோமைடு பார்த்தால் போதும். மாதிரி எடுக்க ஆற்றங்கரையிலிருந்து ஊருக்குள் ஒரே கோட்டில் சில கிணறுகள், ஒவ்வொன்றின் ஆழமும் அடைப்பும் பதிவில். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில் ஒருமுறை, மே மாதக் கோடையில் ஒருமுறை. குழாயில் தேங்கிய பழைய நீர் முழுவதும் வெளியேறிய பிறகே பாட்டிலை நீட்ட வேண்டும்.