சேர்க்கப்படாதவர்கள்: ஜப்பான் இரயில்வேயின் தனியார்மயமும் ஒரு வினைச்சொல்லும்



மொழியியல் படித்தவனுக்கு இரயில்வேயில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஒரு வினைச்சொல்லைத் தொடர்ந்து சென்றுதான் நான் இரயில்வேயை அடைந்தேன். அச்சொல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை இருபத்து மூன்று ஆண்டுகள் வழக்கிலும் போராட்டத்திலும் நிறுத்தி வைத்தது.

தொடங்குமுன் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பான், இரயில், தொழிலாளி ஆகிய மூன்று சொற்களும் ஒருசேர வந்தால், இந்நாட்டுத் தமிழர் மனம் சயாம் மரண இரயில்பாதைக்கே செல்லும். செல்வது இயல்பு. ஆயினும் இன்றைய பேச்சு அதைப் பற்றியதன்று. போருக்குப் பின் நாற்பது ஆண்டுகள் கழித்து, ஜப்பான் தன் சொந்தத் தொழிலாளர்களை நடத்திய முறையைப் பற்றியது.

என் தாய்மாமன் செந்தூல் இரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். தம்மைப் பற்றிக் கேட்போரிடம், “நான் ரயில்வேயில இருக்கேன்” என்பார். “வேலை செய்கிறேன்” என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. இடவேற்றுமையும் ‘இரு’ என்னும் வினையும் சேர்ந்த இத்தொடர், தொழிலைக் குடியிருப்பாக ஆக்கிவிடுகிறது. குவாட்டர்ஸ், மருத்துவ வசதி, இலவசப் பயணச்சீட்டு, ஓய்வூதியம் எல்லாம் அந்த ‘இல்’ உருபுக்குள் அடக்கம். ஜப்பானியரும் இவ்வாறே உணர்ந்தனர். அவர்களுடைய தேசிய இரயில்வேக்குக் ‘கொக்குதெத்சு’ என்று பெயர். அதன் ஊழியர்கள் தங்களைக் ‘கொக்குதெத்சு இக்கா’ என்றனர். ‘இக்கா’ என்பது ஒரு வீடு, ஒரு குடும்பம். குடும்பத்தில் பிறப்பதும் உண்டு, இறப்பதும் உண்டு, ஆட்குறைப்பு இல்லை.

அக்குடும்பம் கடனில் மூழ்கியிருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஷின்கான்சென் அதிவேக இரயில் ஓடத் தொடங்கிய 1964ஆம் ஆண்டிலேயே கொக்குதெத்சு நட்டத்தில் விழுந்தது. அரசியல்வாதிகள் தத்தம் தொகுதிகளுக்குக் கேட்டுப் பெற்ற, பயணிகள் ஏறாத பாதைகள் பல. எல்லாவற்றையும் கடன் வாங்கியே கட்டினர். 1987இல் அக்கடன் ஏறத்தாழ 37 டிரில்லியன் யென். மாற்றம் வேண்டும் என்றவர்கள் காரணமின்றிப் பேசவில்லை. ஆனால் அக்கடனைத் தண்டவாளத்தைச் சரிபார்ப்பவனோ சீட்டுக் கிழிப்பவனோ வாங்கவில்லை. அதில் பெரும்பகுதி புதிய நிறுவனங்களோடு போகவுமில்லை. தனியே ஒரு கழகத்தின் தலையில் கட்டப்பட்டு, 1998இல் மக்களின் வரிப்பணத்தின் மீது வந்து இறங்கியது.

1987 ஏப்ரல் 1ஆம் நாள் கொக்குதெத்சு மறைந்தது. ஆறு பயணியர் நிறுவனங்களும் ஒரு சரக்கு நிறுவனமும் ‘ஜேஆர்’ என்னும் பெயரில் தோன்றின. முந்தைய ஆண்டில் 277,000 பேர் இருந்த இடத்தில், புதிய நிறுவனங்களில் சேர்ந்தோர் ஏறத்தாழ 200,000 பேர். இந்த வேறுபாட்டுக்குள் ஓய்வு பெற்றவர்களும் உண்டு, வேறு அரசுப் பணிகளுக்குப் போனவர்களும் உண்டு. எவருமே வேண்டாதவர்களும் உண்டு. அவர்களைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

சாதாரணமாக ஒரு நிறுவனம் கைமாறினால், தொழிலாளியும் உடன் மாறுவான் என்றே நினைப்போம். ஜப்பானியச் சட்டம் வேறு வழியை வகுத்தது. கொக்குதெத்சு ஒரு பெயர்ப்பட்டியல் தயாரிக்கும். புதிய நிறுவனங்களின் அமைப்புக்குழு அப்பட்டியலிலிருந்து ஆட்களைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளும். இருபது ஆண்டு வண்டி ஓட்டியவரும் சட்டத்தின் பார்வையில் முதல் நாள் வேலை கேட்டு வந்தவரே. பட்டியலில் பெயர் இல்லாதவரை எவரும் நீக்கவில்லை. அவர் ‘ஃபுசாய்யோ’, அதாவது ‘சேர்க்கப்படாதவர்’.

மாணவர்கள் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். ‘நீக்கினார்’ என்னும் வினைக்கு எழுவாய் தேவை. நீக்கியவர் யார், எந்த நாளில், எக்காரணத்தால் என்று கேட்கலாம்; கேட்டால் விடை சொல்லியாக வேண்டும். ‘சேர்க்கப்படவில்லை’ என்பதோ எதிர்மறையும் செயப்பாட்டுவினையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தொடர். எழுவாயாக நிற்பவர் தொழிலாளி, செய்தவர் மறைந்துவிடுகிறார். நிகழாத செயலுக்கு நாளும் இல்லை, காரணமும் இல்லை. வகுப்பறையில் இதனை இலக்கண நுட்பம் என்று கடந்துவிடுகிறோம். ஜப்பானில் அது சட்டப்பிரிவாயிற்று.

அப்படி விடுபட்டவர்கள் யாவர்? பெரும்பாலோர் ‘கொக்குரோ’ என்னும் தேசிய இரயில்வே தொழிலாளர் சங்கத்தைவிட்டு விலக மறுத்தவர்கள். ஹொக்காய்தோவையும் கியூஷூவையும் சேர்ந்தவர்கள். 1980களின் தொடக்கத்தில் 200,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டிருந்த அச்சங்கம், பிரிவினைக்குமுன் ஏறத்தாழ 44,000 ஆகச் சுருங்கிவிட்டது. சங்கத்திலிருந்தால் பட்டியலில் பெயர் வராது என்னும் அச்சமே அச்சுருக்கத்துக்கு முதன்மைக் காரணம். அச்சங்கத்தை உடைப்பதும் தம் நோக்கங்களுள் ஒன்று என்று அன்றைய பிரதமர் நகசோனே பின்னாளில் மறைக்காமலே கூறினார்.

அச்சத்தை வளர்க்கவும் ஒரு நல்ல பெயர் கிடைத்தது. 1986இல் நாடு முழுவதும் ‘மனிதத்திறன் பயன்பாட்டு நிலையங்கள்’ திறக்கப்பட்டன. ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அங்கே அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கொக்குரோ உறுப்பினர்கள். புல் பிடுங்குதல், மூங்கில் கைவினைப் பொருள் செய்தல் போன்றவை அங்கே பயன்படுத்தப்பட்ட மனிதத்திறன்கள்.

சேர்க்கப்படாதவர்கள் ஏறத்தாழ 7,600 பேர், கடனைத் தீர்க்க அமைந்த கழகத்தின்கீழ் மூன்று ஆண்டுகள் வைக்கப்பட்டனர். வேறு வேலை தேடித்தருவதாக ஏற்பாடு. 1990 ஏப்ரலில் அச்சட்டத்தின் காலம் முடிந்தது. எஞ்சியிருந்த 1,047 பேர் நீக்கப்பட்டனர். இம்முறை ‘நீக்கம்’ என்ற சொல்லே வந்தது. ஆனால் நீக்கியது ஜேஆர் அன்று, இரயில் ஓட்டாத ஒரு கழகம்.

மாநிலத் தொழிலுறவு ஆணையங்கள் தொழிலாளர் பக்கமே தீர்ப்பளித்தன. 1987 ஏப்ரல் 1 முதல் இவர்கள் பணியில் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்றன. வழக்கு மேலே சென்றது. 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஐவருள் மூவரின் முடிவாக, ஜேஆர் பொறுப்பாகாது என்றது. பாகுபாடு நடந்திருந்தால் அதைச் செய்தது பட்டியல் தயாரித்த கொக்குதெத்சு. அந்தக் கொக்குதெத்சுவோ அப்போது இல்லை. பதினாறு ஆண்டு எழுவாயைத் தேடியவர்கள், இறந்துபோன எழுவாயைக் கண்டுபிடித்தார்கள்.

இதற்கிடையில் சோறு உண்ண வேண்டுமே! அவர்கள் ஊர்தோறும் போராட்டக் குழுக்களாகக் கூடி வாழ்ந்தனர். ஹொக்காய்தோவின் வடபுறத்தில் ஒத்தோயினெப்பு என்னும் சிற்றூர். ஒரு காலத்தில் இரயில்வேயால் வாழ்ந்த ஊர். அங்கிருந்த குழுவினர் மிசோ என்னும் சோயாவிழுதும் யோகான் என்னும் பயற்று இனிப்பும் செய்து, நாடெங்கும் உள்ள சங்கத்தினருக்கு விற்றனர். தண்டவாளம் பழகிய கைகள் விழுது கிண்டின. இத்தகைய விற்பனையும் கூலிவேலையும் மனைவியரின் சம்பாத்தியமும் சேர்ந்துதான் குழந்தைகள் படித்தனர்.

உள்ளே சேர்க்கப்பட்டவர்கள் நிலை என்ன? தலைநகர்ப் பகுதியில் வண்டிகள் நேரந்தவறாமல் ஓடின, நிலையங்கள் துப்புரவாயின, பெரிய நிறுவனங்கள் இலாபம் ஈட்டின. ஹொக்காய்தோ நிறுவனம் இன்றும் நட்டத்தில் தவிக்கிறது. மேற்கு ஜப்பான் நிறுவனத்தில் ஒரு சொல் புழங்கியது: ‘நிக்கின் கியோயிக்கு’. ‘பகற்பணிக் கல்வி’ என்று பெயர்க்கலாம். தாமதமோ பிழையோ செய்த ஓட்டுநரை வண்டியிலிருந்து இறக்கி, நாள்கணக்கில் அறிக்கை எழுதவைத்து, கடிந்துரைத்து, சில வேளை களை பிடுங்கவும் விடுவது அக்கல்வி. 2005 ஏப்ரல் 25இல் அமகசாக்கியில், 23 வயது ஓட்டுநர் ஒருவர், முந்தைய நிலையத்தில் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிச்சென்றதால் ஏற்பட்ட ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான தாமதத்தோடு வளைவில் மிகுந்த வேகத்தில் வந்தார். வண்டி தடம்புரண்டு அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. அவரோடு 107 பேர் இறந்தனர். அவர் முன்பே அக்‘கல்வி’யைப் பெற்றவர். மீண்டும் அதற்கு ஆளாவோம் என்னும் அச்சம் அவர் கவனத்தைச் சிதைத்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கை கருதியது. ஆசிரியர் நிறைந்த அவையில் ‘கல்வி’ என்ற சொல்லுக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டுக்கும் ஒரு சொல் திருத்தம் தேவைப்படுகிறது. 1992இல் மலாயன் இரயில்வே நிறுவனமாக்கப்பட்டது. அதன் உடைமை அரசிடமே இருக்கிறது. மலாய்மொழி இதனைப் ‘பெங்கோர்ப்பொராத்தான்’ என்றும், தனியாரிடம் கொடுப்பதைப் ‘பென்சுவஸ்தாஆன்’ என்றும் பிரித்துச் சொல்கிறது. நம்மவர் பேச்சில் இரண்டும் ‘தனியார்மயம்’தான். இப்பிரிப்பை நாம் கைவிட்டால், ஓய்வூதியத்தின் நிலை மாறுகிறதா, முதலாளி மாறுகிறாரா என்று கேட்கவேண்டிய தொழிலாளிக்கு அவன் தாய்மொழியில் கேள்வியே அமையாது. மேலும், ‘தனியார்’ என்பது தனி, ஆர் எனப் பிரியும், ‘ஆர்’ உயர்வுப்பன்மை. ஒரு நிறுவனத்துக்கு நாம் அளித்த மரியாதை அது.

2010 ஜூனில் ஜப்பானிய வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. குடும்பம் ஒன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 22 மில்லியன் யென். அத்தொகையை ‘வக்காய்கின்’ என்றனர். ‘இணக்கத்தொகை’ என்பது பொருள். ஊதியப் பாக்கி என்றால் அவர்கள் பணியில் இருந்ததை ஏற்கவேண்டி வரும். பலர் அதற்குள் இறந்துவிட்டனர். எஞ்சியோருள் பெரும்பாலோர் ஓய்வு வயதை எட்டிவிட்டனர். வயது இருந்தவர்களையாவது பணியில் சேர்க்கவேண்டும் என்ற கோரிக்கை ஜேஆர் நிறுவனங்களிடம் வைக்கப்பட்டது. அவை ஒருவரையும் சேர்க்கவில்லை.