தூங்க வைக்கிறது தோள்!

மரியாதைக்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே தொட்டிலை ஆட்டிக்கொண்டு, மன்னிக்கணும், தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! (சிரிப்பு)

"கைக்குழந்தையைத் தூங்க வைப்பது தொட்டிலா? தோளா?" என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் தொட்டிலுக்கு அழகாக வாதாடினார். அதோடு விட்டாரா? "தோளிலேயே போட்டுத் தூங்க வைத்தால் பிள்ளைக்குக் கைச்சூடு பழகிடும். அப்புறம் கீழே விட்டாலே வீல்னு கத்தும். அம்மாவுக்கு ஒரு வேலை ஓடாது" என்று ஒரு குற்றச்சாட்டையும் வைத்தார்.

பழகிடும், பழகிடும் என்கிறாரே, எப்போ பழகினது நடுவர் அவர்களே? பத்து மாசம் வயித்துக்குள்ளே இருந்தப்போ அந்தப் பிள்ளையை யாராவது கீழே இறக்கி வெச்சாங்களா? அம்மா நடந்தா அதுவும் நடந்தது. அம்மா மாடிப்படி ஏறினா அதுவும் ஏறியது. இருபத்துநாலு மணி நேரமும் அந்தச் சூடு, அந்த அசைவு. பிறந்த மறுநாளே, "இனிமே நீ தனியாப் படு"ன்னா அது அழாம என்ன செய்யும்? பழக்கிவிட்டது தோள் இல்லைங்க. அது கூடவே கொண்டுவந்த பழக்கம். (கைதட்டல்)

எதிரணி நண்பருக்கு இன்னொரு தப்பான எண்ணம். தோள் என்றால் ஒரு கையால் பிள்ளையை அணைத்து, மறு கையால் கரண்டி பிடித்துத் திண்டாடுவது என்று நினைக்கிறார். நாங்கள் சொல்கிற தோள், துணியோடு சேர்ந்த தோள். பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்கிற நரிக்குறவர் சமூகத்துப் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். தோளில் முடிச்சுப் போட்ட துணிக்குள்ளே பிள்ளை தூங்கும், இரண்டு கையும் மணி கோத்துக்கொண்டிருக்கும். மிசோரத்துப் பெண்கள் முதுகிலே துணியால் கட்டிக்கொள்கிறார்கள். மெக்சிகோவில் அதற்கு ரெபோசோ என்று பேர், கென்யாவில் காங்கா, கொரியாவில் பொடேகி. இவர்கள் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. பிள்ளையும் தூங்கணும், வேலையும் நடக்கணும் என்று எந்த ஊர் அம்மா யோசித்தாலும் கடைசியில் ஒரு துணியில்தான் வந்து நிற்கிறாள். இன்றைக்கு அதையே பக்கிள் வைத்துத் தைத்து ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கிறான். நாம் அதை ஃபாரின் சாமான் என்று வாங்குகிறோம்! (சிரிப்பு)

ஊரெல்லாம் செய்தால் சரியாகிவிடுமா, விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். சொல்கிறேன்.

ஜப்பானில் ரிகென் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2013-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆறு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைகள். அம்மா உட்கார்ந்து மடியில் வைத்திருக்கும்போதைவிட, தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியதும் அழுகை சட்டென்று குறைகிறது, இதயத் துடிப்பும் இறங்குகிறது. எலிக்குட்டியைக் கூட விடவில்லை அவர்கள். தாய் எலி கவ்விக்கொண்டு போனால் குட்டி அப்படியே அடங்கிப்போகிறதாம். 2022-ல் மறுபடியும் பார்த்தார்கள். அழுகிற பிள்ளையை ஐந்து நிமிஷம் தூக்கிக்கொண்டு நடந்தால் அழுகை நிற்கிறது, ஏறக்குறையப் பாதிப் பிள்ளைகள் தூங்கியே போகிறார்கள்.

நம் வீடுகளில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "தோள்ல நல்லாத் தூங்குது, கீழே போட்டா முழிச்சுக்குதே?" அதற்கும் அந்த ஆய்விலே பதில் இருக்கிறது. முதுகு படுக்கையில் பட்டதால் பிள்ளை முழிப்பதில்லை. அம்மா உடம்பைவிட்டுப் பிரிகிற அந்த நொடியில்தான் அதன் இதயம் வேகமெடுக்கிறது. அதனால் தூங்கினதும் அவசரப்பட்டு இறக்கக் கூடாது. ஐந்திலிருந்து எட்டு நிமிஷம் அப்படியே அணைத்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம் படுக்க வைத்தால் முழிக்கிற வாய்ப்புக் குறைவு. ஆக நடுவர் அவர்களே, தூங்க வைக்கிறது நாங்கள். தூங்கின பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு பேர் வாங்குகிறது அவர்கள் தொட்டில்! (பலத்த கைதட்டல்)

கனடாவில் மான்ட்ரியல் நகரில் ஹன்சிகர், பார் என்று இரண்டு மருத்துவர்கள். 1986-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதி அம்மாக்களிடம், "பிள்ளை அழாத நேரத்திலும் தூக்கி வைத்திருங்கள், நாளைக்கு மூன்று மணி நேரமாவது" என்றார்கள். ஆறாவது வாரத்தில் அந்தப் பிள்ளைகளின் அழுகை மற்றப் பிள்ளைகளைவிட 43 சதவீதம் குறைவு. அழுத பிறகு தூக்கவில்லை, அழுகிறதுக்கு முன்னாலேயே தூக்கினார்கள். அதுதான் சங்கதி. நியாயம் பேச வந்த இடத்தில் ஒன்றை ஒளிக்கக் கூடாது. ஏற்கெனவே சாயங்காலமானால் விடாமல் அழுகிற கோலிக் பிள்ளைகளுக்கு இதே வைத்தியத்தை அந்த பார் குழுவினரே 1991-ல் செய்து பார்த்து, பலனில்லை என்று எழுதினார்கள். அப்படி அழுகிற பிள்ளையோடு அல்லாடுகிற தாய் இங்கே இருந்தால், உன் கையில் குறை இல்லை தாயி. டாக்டரிடம் காட்டு. வீட்டில் இன்னொருவர் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கண்ணை மூடு.

கடைசியாகப் பேசிய அம்மா, "துணிக்குள்ளே மூச்சு முட்டாதா?" என்று கேட்டார்கள். இதைச் சிரித்துத் தள்ள மாட்டேன். முட்டும். தப்பாகக் கட்டினால் உயிருக்கே ஆபத்து. 2010-ல் அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இந்தத் துணித் தூக்கிகளைப் பற்றி எச்சரிக்கை கொடுத்தது. அதற்கு முந்தைய இருபது வருஷத்தில் 14 குழந்தைகள் இறந்திருக்கிறார்கள், அதில் 12 பேர் நாலு மாசம் நிரம்பாதவர்கள். காரணம் என்ன? பச்சைப்பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. துணி பை மாதிரித் தொங்கினால் பிள்ளை உள்ளே சுருண்டு, தாடை நெஞ்சில் போய் ஒட்டும், மூச்சுக்குழாய் மடங்கும். சத்தமே வராது. அழுதால்தானே நமக்குத் தெரியும்? அதனால் துணியை இறுக்கிக் கட்டுங்கள். பிள்ளை நிமிர்ந்த வாக்கில், குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் இருக்கட்டும். முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரியணும், மூக்கை முந்தானை மூடக் கூடாது. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் போகணும். காலைத் தொங்கவிடாமல், தவளை மாதிரி அகட்டி, முட்டி புட்டத்தைவிட மேலே இருக்கிற மாதிரி வையுங்கள், இடுப்பு மூட்டுக்கு அதுதான் நல்லது. குறைமாசப் பிள்ளையோ, எடை குறைந்த பிள்ளையோ, சளி பிடித்த பிள்ளையோ என்றால் டாக்டரைக் கேட்காமல் கட்டாதீர்கள். இத்துப்போன சேலை வேண்டாம். அடுப்படி வேண்டாம், ஸ்கூட்டர் வேண்டவே வேண்டாம். பிள்ளையைக் கட்டிக்கொண்டே சோபாவில் சாய்ந்து நீங்களும் தூங்கிவிடாதீர்கள். அது தூங்கினதும் கெட்டியான, சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

"இவ்வளவு பத்தியமா? பேசாமல் தூளியிலேயே போட்டுடலாமே" என்கிறாரே ஐயா, தூளிக்கும் அதே பத்தியம்தான்! அதுவும் துணி, அதுவும் பிள்ளையைச் சுருட்டும். என்ன, துணி தோளில் இருந்தால் மூச்சு பக்கத்திலேயே கேட்கும். உத்தரத்தில் தொங்கினால் எழுந்து போய்ப் பார்க்கணும். (கைதட்டல்)

இதிலே ஆம்பளைங்களுக்கு என்ன வேலை என்று நடுவர் கேட்கிற மாதிரிப் பார்க்கிறார். எங்கள் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் பிள்ளை. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அது தூங்காது. தங்கச்சி நின்றுகொண்டே ஒரு கையால் சாப்பிட்டு, உட்கார்ந்தபடியே தூங்கி, முகமெல்லாம் வெளிறிப்போச்சு. அவள் மாமியார் ஒரு நாள் கெட்டியான நூல் சேலை ஒன்றை எடுத்து வந்தார்கள். மருமகளுக்குக் கட்டுவார்கள் என்று பார்த்தால், ஆபீஸிலிருந்து வந்து பேன்ட் கூட மாற்றாமல் நின்ற மகனைக் கூப்பிட்டார்கள். "டேய், நீ நில்லு. அவ போய்ப் படுக்கட்டும்." ரெண்டு தோளிலும் குறுக்கே போட்டு, இடுப்பைச் சுற்றி இறுக்கி, பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். மாப்பிள்ளை மொட்டை மாடியில் நடக்கிறார். எதிர்வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, சேலை கட்டியிருக்கீங்க?" "தூங்குது சார், மெதுவாப் பேசுங்க." (சிரிப்பு)

கீழே என் தங்கை பிள்ளை பெற்று நாற்பது நாளில் முதல் தடவையாகத் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கினாள். அடுத்த வாரம் அந்தப் பெரியவர், தன் மகனுக்குக் கட்டிவிடணும், அந்த முடிச்சை ஒரு தடவை போட்டுக் காட்டுங்கம்மா என்று மாமியாரிடம் வந்து நின்றாராம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அது அடித்தால் யார் வீட்டுப் பிள்ளையாவது முழித்துக்கொள்ளும், அதற்குள் உட்கார்ந்துவிடுகிறேன்.