ஹெரால்டின் நாலு நட்டு



ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறவன் ரோபோவைப் பற்றிப் பேசுவான் என்று வந்திருப்பீர்கள். நான் பேசப்போவது வீல் நட்டு. சிரிக்காதீர்கள்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்; 1961-இல் நம் சென்னையில் தயாராக ஆரம்பித்த கார். நண்பர் ஒருவர் அதை ஆசையாகப் புதுப்பித்து வைத்திருந்தார். குடும்பத்தோடு போகையில் சூளகிரி பக்கம் பஞ்சர். கடைப் பையன், லாரிக்கு வைத்திருந்த ஏர் கன்னில் சாக்கெட்டை மட்டும் மாற்றி, நாலு நட்டையும் 'டர்ர்' என்று ஏற்றிவிட்டான். கொஞ்ச தூரத்தில் வண்டி ஆட்டம். ஓரங்கட்டிப் பார்த்தால் இரண்டு ஸ்டட் ஒடிந்திருக்கிறது! பின் சீட்டில் குழந்தைகள், பின்னால் கன்டெய்னர் லாரிகள்.

பையனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. லாரி நட்டுக்கு 500 நியூட்டன் மீட்டருக்கு மேலேயே வேண்டும். ஹெரால்டின் ஸ்டட்டோ 3/8 அங்குலம். அதற்கு 40 பவுண்டு-அடி, அதாவது 54 நியூட்டன் மீட்டர், போதும். ஸ்டட் ஒரு ஸ்பிரிங் மாதிரி. முடுக்கும்போது இழையளவு நீள்கிறது. சுருங்கப் பார்க்கும் அந்த இழுவைதான் சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. அளவு மீறினால் நீண்டது நீண்டதுதான்.

நாம் போடும் முடுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இழுவையாகிறது. மிச்சமெல்லாம் மரையிலும், நட்டு உட்காரும் இடத்திலும் உராய்வுக்குப் போகிறது. (உராய்வு வகுப்பில் தூங்கியவர்கள் இங்கே நிறையப் பேர்!) ஆகவே "ஒரு சொட்டு ஆயில் விடுப்பா" என்பது ஆபத்து. உராய்வு குறைந்தால் அதே முடுக்கில் இழுவை எகிறிவிடும். மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். புதுப்பித்த வண்டியில் இன்னொன்று: நட்டு உட்காரும் குழியில் பெயிண்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள். ஓட ஓட அது நசுங்கி, நட்டு தளர்ந்துவிடும்.

நட்டின் கூம்பு முகம் ரிம் பக்கம் இருக்கட்டும். முதலில் கையாலேயே ஏற்றி, ஜாக்கியை இறக்கிவிட்டு, எதிரெதிர் நட்டாக இரண்டு மூன்று சுற்றில் முடுக்குங்கள். டார்க் ரெஞ்ச் இல்லையா? ஓரடி ஸ்பேனரின் நுனியில் 18 கிலோ, ஏறக்குறைய ஒரு பெரிய வாளித் தண்ணீர் தூக்குகிற பலம். ஏறி மிதிக்கவே வேண்டாம்.

ஓசூரில் சக்கரம் மாட்டினால் கிருஷ்ணகிரியில் ஒருமுறை நிறுத்துங்கள். சுமார் 50 கிலோமீட்டர். டீ குடித்து, சக்கரம் ஆறியதும், அதே 40 பவுண்டில் நாலு நட்டையும் மறுபடி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.