அணு உலையும் நம்ம வைக்கோல் போரும்

(செஞ்சியில் நடந்த விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மல்லாட்டைக்கு விலை இல்லை, கரும்புப் பணம் பாக்கி, யூரியா கிடைக்கவில்லை. இத்தனை இருக்க, அணு உலையைப் பற்றி எதற்குப் பேச்சு என்று சிலபேர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நம்ம ராஜகிரி மலையிலிருந்து கல்பாக்கம் நேர்கோட்டில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அங்கே 1984-லும் 1986-லும் ஓட ஆரம்பித்தவை தலா 220 மெகாவாட் உலைகள். விபத்து நடந்தால் ஊர்மக்களை வெளியேற்ற இந்த நாட்டில் வகுத்த அவசரத் திட்டம் 16 கிலோமீட்டர் சுற்றளவுக்கு. அதைத் தாண்டினால் கவலை இல்லை என்பது அதிகாரிகளின் கணக்கு.

காற்றுக்கு அந்தக் கணக்கு தெரியுமா?

ஜப்பானில் இடாதே என்று ஒரு கிராமம். நம்மைப் போல நெல்லும் மாடும் வைத்துப் பிழைத்த சனங்கள், சுமார் 6,000 பேர். 2011 மார்ச் 11-ல் சுனாமி வந்து புகுஷிமா உலைகள் கெட்டன. இடாதே அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். முதலில் அவர்களை யாரும் போகச் சொல்லவில்லை. காற்று அந்தப் பக்கம் திரும்பி, மழையும் பனியும் சேர்ந்து கதிரியக்கத்தை அவர்கள் வயலிலேயே இறக்கிவிட்டது. ஒரு மாதம் கழித்துத்தான் ஊரைக் காலி பண்ணச் சொன்னார்கள். மாடுகளை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். 2017 மார்ச் கடைசியில்தான் ஊரின் பெரும்பகுதிக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. ஆறு வருசம் உழாத நிலம் என்ன ஆகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இதைவிட வைக்கோல் சங்கதியைக் கேளுங்கள். அறுப்பு முடிந்து வயலில் வெட்டவெளியில் கிடந்த வைக்கோலில் கதிரியக்கத் தூசி படிந்தது. அது தெரியாமல் மாட்டுக்குப் போட்டார்கள். ஜூலை மாதம் இறைச்சியைச் சோதித்தபோது சீசியம். புகுஷிமா மாவட்டத்து மாட்டிறைச்சி வெளியே போகவே தடை போட்டார்கள். நம்ம வீட்டுப் பின்னால் இருக்கிற வைக்கோல் போரை நினைத்துப் பாருங்கள். செஞ்சி கமிட்டியில் மூட்டை இறக்கும்போது, "உங்க ஊரு பக்கம் விஷக்காத்து அடிச்சுதாமே" என்று வியாபாரி ஒரு வார்த்தை சொன்னால் போதும், விலை பாதியாகிவிடும். சோதனையில் ஒன்றும் இல்லை என்று காகிதம் வருவதற்குள் சரக்கு புழுத்துப் போகும்.

1986-ல் செர்னோபில் வெடித்தது உக்ரைனில். மழையோடு இறங்கியது பிரிட்டனில் உள்ள வேல்ஸ் மலைகளில். அங்கே ஆடு வளர்த்தவர்கள் மேல் போட்ட கட்டுப்பாடு முழுக்க நீங்கியது 2012-ல். நாடு விட்டு நாடு, 26 வருசம்.

"அப்ப கரண்டு வேணாமா?" என்று கேட்பார்கள். யாரைப் பார்த்துக் கேட்கிறார்கள்! யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்து 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் 3 உயிரைக் கொடுத்த விவசாயிகளின் வழியில் வந்தவர்கள் நாம். மோட்டாருக்குக் கரண்டின் அருமை நமக்குத் தெரியும். நாட்டில் உற்பத்தியாகும் 100 யூனிட்டில் அணு உலை தருவது சுமார் 3 யூனிட். கல்பாக்கத்தில் 500 மெகாவாட் ஈனுலையை 2004-ல் சுமார் 3,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கி 2010-ல் முடிப்போம் என்றார்கள். உலையை நிரப்பும் வேலைக்குப் பிரதமர் வந்து தொடக்கவிழா நடத்தியதே 2024 மார்ச்சில். ஒரு சங்கத்துக் கட்டடம் இப்படி இழுத்திருந்தால் நம்மைச் சும்மா விடுவார்களா?

கரியும் நல்லதில்லைங்க. 2023 ஜூலையில் நெய்வேலி பக்கம் வளையமாதேவியில், கதிர் வரப்போகிற நெற்பயிரின் மேல் இயந்திரம் ஓடியதைப் பார்த்தோம். ஜெர்மனி 2023 ஏப்ரல் 15-ல் கடைசி மூன்று அணு உலைகளையும் நிறுத்தியது. கரியை முதலில் மூடியிருக்க வேண்டும் என்று அங்கேயே சிலர் சொல்கிறார்கள். யோசிக்க வேண்டிய வாதம்தான். ஆனால் காற்றாலை மட்டுமே 10,000 மெகாவாட்டுக்கு மேல் வைத்திருக்கிற தமிழ்நாட்டுக்கு, வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத நம்ம மாவட்டத்துக்கு, கரி இல்லாவிட்டால் அணு என்று இரண்டே வழிதான் என்பது ஏமாற்று.

நஷ்டஈட்டுக்கு வருவோம். 2010 சட்டத்தில் உலை நடத்துபவரின் பொறுப்பு 1,500 கோடி ரூபாய் என்று வரம்பு கட்டினார்கள். கோளாறான சாமான் கொடுத்த கம்பெனியிடம் திரும்ப வசூலிக்க அதில் ஒரு பிரிவாவது இருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதுச் சட்டம் தனியாரை உள்ளே விட்டது, அந்தப் பிரிவையும் எடுத்துவிட்டது. விதை முளைக்காவிட்டால் விதைக் கடைக்காரனைக் கேட்கலாம், உலை கெட்டால் உலைச் சாமான் விற்றவனைக் கேட்க முடியாது. போபாலைப் பார்த்த நாடு இது!

கூடங்குளத்துக்கு முதலில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரைக் கேட்டார்கள். குமரி விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். கடைசியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கட்டிக்கொண்டார்கள். இடிந்தகரை மீனவர்கள் மேல் தேசத்துரோக வழக்கெல்லாம் போட்டார்கள், 2013 மே மாதம் உச்ச நீதிமன்றமும் உலைக்கு அனுமதி கொடுத்தது. உலை வந்தேவிட்டது. ஆனால் அணைத் தண்ணீர் வயலுக்கே நின்றது. அது விவசாயிகள் வாங்கியது.

ஆகவே இருக்கிற எல்லா உலையையும் நாளைக் காலையில் பூட்டச் சொல்லவில்லை நாங்கள். புதிதாக ஒன்றும் கட்டாதே. வயசான உலையை ஆயுளை நீட்டி ஓட்டாதே. 16 கிலோமீட்டருக்கு வெளியே பயிருக்கும் மாட்டுக்கும் என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கொடு. வரப்போகிற கிராமசபையில் இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, நகல் ஒன்றை சங்கத்துக்குக் கொண்டுவந்து கொடுங்கள். மாவட்ட ஆட்சியரிடம் எல்லா ஊர்த் தீர்மானத்தையும் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுப்போம்.